தாய்மாமன் சீராக ஒரு கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. வாய் அதைவிடச் சும்மா இருக்காது. கையால் செய்ததையெல்லாம் ஒளித்து வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்சம் மாற்றிச் செய்திருந்தால் அன்றைக்கு அம்மையார்குப்பத்தில், அத்தனை பேர் நடுவில், நாங்கள் இரண்டு பேரும் அப்படி நின்றிருக்க வேண்டியதில்லை.

அவர் பெயர் இளங்கோவன். அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். அவருடைய நைனா சாகிற வரைக்கும் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. இவருக்குத் தறிக்குழியில் கால் வைக்கவே பிடிக்காது. மெட்ராஸ் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் 'தணிகை கம்ப்யூட்டர்ஸ்' என்று போர்டு மாட்டினார். என்னைக் கட்டிக்கொண்டதும் அந்த வருஷம்தான். எங்கள் வீட்டில் பெண் கொடுத்ததே அந்த போர்டைப் பார்த்துத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் நடந்தது. நகரி பக்கத்திலிருந்துகூடப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து படித்தார்கள். வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. அவர் ஊருக்குப் போனால் 'கம்ப்யூட்டர் இளங்கோ வந்துகிறான்' என்று தெருவே எட்டிப் பார்க்கும். அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஏசி போட்ட பெரிய சென்டர் ஒன்று வந்தது. பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். எங்களுடையவை செகண்ட் ஹேண்டில் வாங்கிய மிஷின்கள். ஒன்று கண்ணை மூடியது, அதைப் பார்த்து இன்னொன்று. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஆடிக் கிருத்திகை வந்தபோது சென்டரில் உயிரோடு இருந்தது சீலிங் ஃபேன் மட்டும்தான்.

ஆனாலும் மனுஷன் காலையில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு போவார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வார். முதலில் நான் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோதுதான் தெரிந்தது. செத்துப்போன கம்ப்யூட்டர்களைப் பிரித்துப்போட்டு, அதில் வீட்டுச் சாமான் செய்துகொண்டிருந்தார்.

பெட்டிக்குள் சுற்றுகிற சின்ன ஃபேனை எடுத்து என் சமையல்கட்டு ஜன்னலில் பொருத்தினார். தாளிக்கிற புகை ஒரு நொடியில் வெளியே போனது. பெட்டியின் பக்கத்துத் தகட்டை வளைத்துக் குப்பை வாருகிற முறம் செய்தார். ஹார்ட் டிஸ்க்கைப் பிளந்தால் உள்ளே ஒரு காந்தம் இருக்கிறது. அதைச் சுவரில் அடித்து வைத்தார், கத்தி, கத்தரிக்கோல், ஊக்கு எல்லாம் போய் ஒட்டிக்கொண்டு நின்றன. பழைய சிடியைத் தோட்டத்துக் கொய்யா மரத்தில் கட்டினார், கிளி வரவில்லை. பொய் சொல்லக்கூடாது, ஒவ்வொன்றும் நல்ல சாமான். நான் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்த பாத்திரங்களைவிட நன்றாக உழைத்தன.

அந்த வருஷம் கரண்ட் கட் ஆரம்பித்ததும் விளக்கு செய்ய ஆரம்பித்தார். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற தகரப் பெட்டியைக் காலி செய்து, யூபிஎஸ்ஸில் இருந்த பேட்டரியை அதற்குள் வைப்பார். முன்னால் ஒரு சிடியைப் பளபளப்பு தெரிகிற மாதிரி ஒட்டி, அதன்மேல் சின்னச் சின்ன வெள்ளை பல்புகளைப் பதிப்பார். ஸ்விட்சைத் தட்டினால் கூடம் முழுக்க வெளிச்சம். சுவரில் சிடியின் வானவில் வளையம் வளையமாக விழும். மவுஸ் ஒயர்தான் கைப்பிடி, உள்ளே பல்புக்குக் கரண்ட் கொண்டுபோவதும் அதேதான். ஒயர் பெட்டியை விட்டு வெளியே வருகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போடுவார், யாராவது இழுத்தாலும் உள்ளே பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க. அந்த முடிச்சை அவர் போடுகிற வேகத்தை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். கண் வேறு எங்கோ இருக்கும், விரல் முடித்துவிடும்.

எதிர்வீட்டு பத்மஜா ஒருநாள் சமையல்கட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டு, "இன்னா தேவகி, சென்டர்னு போர்டு மாட்டிட்டு உள்ள காயலாங்கடையா நடத்துறாரு உங்க வூட்டுக்காரரு?" என்று சிரித்தாள். அவள் மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் அவர் பின்கட்டில் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஃபேனைக் கழற்றப் போனார், நான்தான் விடவில்லை.

அதிலிருந்து ஒரு சட்டம் போட்டார். செய்த சாமான் எதுவும் திருத்தணியில் விற்கக்கூடாது. ஊர்ப் பக்கம் போகவே கூடாது. அரக்கோணத்தில் ராஜகோபால் என்று ஒருவர் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். அவரிடம் கொடுப்பது, யார் செய்தது என்று அவரும் சொல்லக்கூடாது. கொண்டுபோகிறது யார்? நான்தான். சாக்குப்பையில் விளக்குகளை அடுக்கி, மேலே கீரைக்கட்டைப் பரப்பி, ரயிலில் லேடீஸ் பெட்டியில் மூலையில் உட்கார்ந்துகொள்வேன். 'இன்னாமா அது' என்று யாராவது கேட்டால் 'கீரை' என்பேன். கீரை விற்கிறவள் என்று நினைத்துக்கொள்ளட்டும், கம்ப்யூட்டர் சென்டர்காரர் பெண்டாட்டி என்று தெரியவேண்டாம். இப்படி ஒரு புத்தி எங்களுக்கு.

அப்படி இருக்கிறபோதுதான் அவருடைய அக்காவிடமிருந்து போன் வந்தது. மணியம்மை அக்கா ஊரிலேயே பச்சையப்பன் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார். வீட்டிலேயே பவர்லூம். ஒரே பெண், பிரியங்கா. அவள் பெரியவளாகிவிட்டாள். தகவல் வந்த அன்றே இவர் ஓடிப்போய், பெண்ணை உட்காரவைக்கத் தாய்மாமன் கட்டவேண்டிய ஓலைக் குடிசையைக் கட்டிவிட்டு வந்தார். இப்போது மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறித்திருந்தார்கள். தாய்மாமன் சீர் வைக்கவேண்டும்.

அக்கா பேசுவது பக்கத்தில் இருந்த எனக்கே நன்றாகக் கேட்டது. "தம்பி, பெருசா எதுவும் வேணாண்டா. உன் கையால எதுனா செஞ்சி எடுத்துகினு வா. எங்களுக்கு அது போதும்."

'கையால' என்று அழுத்தித்தான் சொன்னார். நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. எல்லா அக்காவும் தம்பிக்குச் சொல்கிற பேச்சு என்று நினைத்தோம்.

"இன்னாக்கா இப்படி சொல்ட்ட?" என்றார் இவர். "எனக்கு இருக்கிறது ஒரே அக்கா பொண்ணு. கம்ப்யூட்டர் மாமா வெறும் தட்டு தூக்கிகினு வருவானா? கம்ப்யூட்டரே எடுத்தாறேன், பாரு."

அக்கா, "ஆங்... சரிடா. நீ வந்தா போதும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "கம்ப்யூட்டர் எங்க இருந்து வரும்? உங்களுக்கு நாக்குல இன்னா சனியா?"

"பழசுங்கள்ல இருந்து பொறுக்கி ஒண்ணு சேத்துடுவேன்" என்றார். புதிது வாங்க எங்களுக்கு வக்கில்லை என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டு உட்கார்ந்தார். ஆனால் எதை வைத்துச் சேர்ப்பது? நல்ல ஃபேன், நல்ல பேட்டரி, நல்ல ஒயர் எல்லாம் ஏற்கெனவே விளக்காகி அரக்கோணம் போய்விட்டன. ஒரு மானிட்டர் மட்டும் பச்சையாக ஒரு கோடு காட்டிவிட்டு அணைந்தது. பெட்டி 'பீப், பீப்' என்று கத்தியதோடு சரி. விசேஷம் நெருங்க நெருங்க அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

அதற்குள் அக்கா வீட்டுக்காரர் பச்சையப்பன் பாவா ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார். ஆர்.கே.பேட்டை ரோட்டிலிருந்து தெருவுக்குத் திரும்புகிற முக்கில் கட்டியிருப்பதாக யாரோ சொன்னார்கள். பிரியங்கா படம் நடுவில், பக்கத்தில் இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பழைய படம். 'தாய்மாமன் தணிகை கம்ப்யூட்டர்ஸ் இளங்கோவன் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.' இதைக் கேட்டதும் இவர் தண்ணீர் குடித்தார். ஒரு சொம்பு முழுக்கக் குடித்தார்.

விசேஷத்துக்கு முந்தைய நாள் இருந்ததிலேயே நல்ல பெட்டி ஒன்றை எடுத்து வைத்துத் துடைத்தார். மானிட்டரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தார். கீபோர்டில் இல்லாத எழுத்துகளை வேறு கீபோர்டிலிருந்து பிடுங்கி வைத்தார். பளபளவென்று புதுப்பெண் மாதிரிதான் இருந்தது. பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கையில் பஞ்சு மாதிரி வந்தது.

"ஏங்க, தூக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடுமே, உள்ள ஒண்ணுமே இல்லன்னு."

அவர் பின்கட்டுக்குப் போனார். இரண்டு செங்கல்லை எடுத்துவந்து, என் பழைய பாவாடைத் துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்துத் திருகாணியை முடுக்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். துணியை நான்தான் கிழித்துக் கொடுத்தேன். அந்த நேரத்தில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"போன உடனே சொல்லிடலாம்" என்றார். "ஸ்டெபிலைசர் இல்லாம போடக்கூடாது, அடுத்த வாரம் நானே வந்து கனெக்ஷன் குடுக்கிறேன்னு. அதுக்குள்ள எதுனா வழி பண்ணிடுவேன்."

அவ்வளவுதான் எங்கள் வேண்டுதல். யாரும் ஸ்விட்ச் போடச் சொல்லக்கூடாது. மலைப்பக்கம் திரும்பி நின்று முருகனிடமே கேட்டேன். சாமியிடம் போய் இதைக் கேட்கிறோமே என்று கூசியது, ஆனாலும் கேட்டேன்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் ஊர் எல்லைப் பிள்ளையார் கோயிலில் தட்டுகளை இறக்கினோம். பம்பையும் மேளமும் தயாராக நின்றன. பட்டுப்பாவாடை, வளையல், மஞ்சள், பழம், இனிப்பு என்று தட்டுகளைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். கீபோர்டை வைத்த தட்டு என் கைக்கு வந்தது. அதற்கும் ஒரு முழம் மல்லிகை. மானிட்டரை ஒருவரும் பெட்டியை ஒருவரும் தோளில் தூக்கிக்கொண்டார்கள். இரண்டுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். பெட்டியைத் தூக்கிய பையன் பாவாவின் தம்பி மகன். தோளை மாற்றிக்கொண்டு, "நல்ல வெயிட்டு மாமா" என்றான். இவர் முகம் வெளுத்துவிட்டது. பட்டுச் சட்டையும் ஜரிகை வேட்டியுமாக ராஜா மாதிரி நடந்தார், கழுத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது.

தெரு முழுக்கப் பெண்கள் வாசலில் நின்றார்கள். தறிச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஆண்களும் வந்து நின்றார்கள். எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் சிரித்த முகமாகப் பார்த்தார்கள். 'மாமன்னா இப்படி இருக்கணும்' என்று ஒரு அம்மா என் காதுபடவே சொன்னார். எனக்குத் தட்டோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

வீட்டு முன்னால் பந்தலில், மணைக்குப் பக்கத்தில், ஒரு மேசை போட்டு ஜரிகைத் துணி விரித்து வைத்திருந்தார்கள். அதன்மேல் கம்ப்யூட்டரை ஏற்றினார்கள். பாவா மைக்கைப் பிடித்து, "தாய்மாமன் சீரு, கம்ப்யூட்டர்!" என்றார். கை தட்டினார்கள்.

இவர் என் பக்கத்தில் வந்து நின்று, யாராவது கேட்பார்களா கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெபிலைசர் பேச்சை வாய்க்குள் தயாராக வைத்திருந்தார். வந்தவர்கள் மேசையைச் சுற்றி வந்தார்கள். மானிட்டரைத் தடவிப் பார்த்தார்கள். 'கலர் நல்லா இருக்குதுப்பா' என்றார் ஒரு பெரியவர். ஒருத்தரும் ஸ்விட்ச் போடச் சொல்லவில்லை. ஒரு வாண்டுப் பையன் மட்டும் பெட்டியின் பட்டனில் விரலை வைத்தான். அவன் அம்மா பாய்ந்து வந்து கையில் ஒரு அடி வைத்து இழுத்துக்கொண்டு போனாள். "மாமா சீருடா, தொடக்கூடாதுன்னு சொல்லி இட்டாந்தேன் இல்ல?"

நல்ல மனுஷி என்று நினைத்தேன். எங்களுக்கு அன்றைக்கு நேரம் நன்றாக இருக்கிறது, முருகன் காது கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். இவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முகம் தெளிந்தது. வாயும் திறந்துகொண்டது. பக்கத்தில் நின்றவரிடம், "லேட்டஸ்ட் மாடலுங்க இது" என்றார். அவர், "ஆங், தெரியுதுங்க" என்று தலையாட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அவர் ஏன் வேறு பக்கம் பார்த்தார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நன்றாக இருட்டியதும் பிரியங்காவை அழைத்துவந்து மணையில் உட்காரவைத்தார்கள். மாமன் வீட்டுப் பட்டு அவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. இவரைப் பார்த்துச் சிரித்தாள். தாய்மாமன் மாலை போடவேண்டிய நேரம். இவர் மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மணைக்கு முன்னால் போய் நின்றார். கரண்ட் போய்விட்டது.

ட்யூப் லைட், சீரியல் செட், மைக், எல்லாம் ஒரே அடியாக அணைந்தன. வீடியோ எடுக்கிறவன் "ஐயோ" என்றான். "இந்நேரத்துல போவாதே, இன்னிக்கு இன்னாடா மாத்திட்டானுங்க" என்று பாவா கத்தினார். "நல்ல நேரம் போவுது, லைட்ட எடுத்தாங்க, போங்க" என்று அக்கா குரல் கேட்டது. பெண்கள் எழுந்து அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். அரிக்கேனோ மெழுகுவர்த்தியோ கொண்டுவரப் போகிறார்கள் என்று நினைத்தேன். இருட்டு எனக்கு இதமாகக்கூட இருந்தது. மேசையும் அதன்மேல் இருந்ததும் கண்ணுக்குத் தெரியவில்லை.

முதலில் அக்கா வீட்டுக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம் வந்தது. வெள்ளை வெளிச்சம். பந்தல் துணியில் வானவில் வளையம் விழுந்தது.

பின்னாலேயே அடுத்த வீட்டிலிருந்து ஒன்று. எதிர் வீட்டிலிருந்து ஒன்று. தெருக்கோடியிலிருந்து இரண்டு வரிசையாக ஆடி ஆடி வந்தன. மகன் கையில் அடித்தாளே, அந்த அம்மா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தகரப் பெட்டி, முன்னால் சிடி, மவுஸ் ஒயர் கைப்பிடி. நான் கீரைக்கட்டுக்குக் கீழே அடுக்கிக் கொண்டுபோன விளக்குகள், ஒன்றுவிடாமல் எனக்கு அடையாளம் தெரிந்தது. பந்தலைச் சுற்றி ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு நின்றார்கள். பகல் மாதிரி ஆகிவிட்டது. அத்தனை வெளிச்சமும் மேசைமேல் மாலை போட்டுக்கொண்டிருந்த செங்கல் பெட்டியில் விழுந்தது.

யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அப்படியொரு கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள். அதுதான் என்னை அடித்துப்போட்டது.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "அக்கா, இதெல்லாம்... எப்படி?"

"ராஜகோபாலுன்னு ஒருத்தரு அரக்கோணத்துல. இந்தப் பக்கம் தறிக்காரங்க வூட்டுலதான் லைட்டு விலைபோவும்னு ஆர்.கே.பேட்டை கடைக்கு அனுப்பிகினு இருக்காரு" என்று அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார். கையிலிருந்த விளக்கைத் திருப்பி ஒயர் முடிச்சைக் காட்டினார். "அங்க ஒண்ணு கையில எடுத்தேன். இதைப் பாரு. தறியில அறுந்த பாவு நூலு இணைக்கிற முடிச்சி. எங்க நைனாவுக்கு எடக்கை, அதால முடிச்சி இப்படித் தலைகீழா விழும். அவருகிட்ட பழகினது நானும் தம்பியும்தான். இந்த ஊர்ல வேற ஒருத்தர் கைக்கும் இது வராது. கடையிலயே அழுதுட்டேன் தேவகி. எங்க தம்பி செய்றதுன்னு தெருவெல்லாம் சொல்லி, வூட்டுக்கு ஒண்ணு வாங்க வெச்சேன்."

"அப்ப அவரு கம்ப்யூட்டர்னு சொன்னப்போ..."

"இன்னா சொல்றது? வாய் தவறி சொல்ட்டான். அவன் சென்டரு மூடிக் கிடக்குறது இங்க யாருக்குத் தெரியாது? தாய்மாமன் சீர்ல குத்தம் பாக்கக்கூடாது." அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வூடு வூடாப் போயி நான்தான் சொல்லி வெச்சேன். யாரும் அதை ஸ்விட்சு போடச் சொல்லாதீங்கன்னு."

நான் மலைப்பக்கம் திரும்பி வேண்டிக்கொண்டதை இந்த அம்மா படியேறிப் படியேறி வீட்டுக்கு வீடு கேட்டு வாங்கியிருக்கிறார். எனக்கு அவர் கையிலிருந்து கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. ஃப்ளெக்ஸ் அடித்த பாவாவும் தெரிந்துதான் அடித்திருக்கிறார். 'நல்ல வெயிட்டு மாமா' என்றவனும் தெரிந்துதான் சொல்லியிருக்கிறான். தெருவே கூடி எங்கள் பொய்யைத் தோளில் தூக்கி, சந்தனம் வைத்து, மேளம் அடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறது.

இவர் அங்கே மாலையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்காது. விழவேண்டியதும் இல்லை. சுற்றி நிற்கிற விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். மாலையை இறுக்கிப் பிடித்ததில் பூ உதிர்ந்தது.

அப்போது மணைக்குப் பக்கத்தில் தரையில் வைத்திருந்த விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது. அணைந்தது, எரிந்தது, அணைந்தது. தூக்கிக்கொண்டு ஓடிவந்ததில் முடிச்சு தளர்ந்து ஒயர் இழுத்துக்கொண்டிருக்கவேண்டும். பிரியங்காவின் முகம் தெரிந்து தெரிந்து மறைந்தது. அதை யார் சரிசெய்ய முடியும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் அவரைக் கேட்கத் துணியவில்லை. கேட்டால் அவருக்கு அவமானம் என்று பொறுத்துக்கொண்டு நின்றார்கள். வீடியோக்காரன்கூட கேமராவைக் கீழே இறக்கிக்கொண்டான்.

அவர் திரும்பி என்னைத் தேடினார். நான் போனேன். மாலையை என் கையில் கொடுத்தார். ஜரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குந்தி உட்கார்ந்தார். விளக்கைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, முடிச்சை அவிழ்த்து, ஒயரை உள்ளே தள்ளினார். பார்க்கவே இல்லை, விரல்கள் தானாக முடிச்சுப் போட்டன, இடக்கை முடிச்சு. விளக்கு நின்று எரிந்தது.

பிரியங்கா மணையிலிருந்து கொஞ்சம் குனிந்தாள். யாருக்கும் கேட்கக்கூடாது என்று மெதுவாகத்தான் பேசினாள். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"மாமா, கோச்சிக்காதீங்க. பெட்டியை மேசையில வெக்கும்போது ஜன்னல்கிட்டதான் இருந்தேன், உள்ள இன்னாவோ உருண்டுது. அதை எடுத்துட்டு, இந்த மாதிரி ஒரு லைட்டு வெச்சிக் குடுக்கிறீங்களா? எனக்குப் படிக்கிறதுக்கு."

அவர் "ஆங்" என்றார்.

"எழுந்துருடா தம்பி, நேரம் போவுது, மாலையப் போடு" என்றார் அக்கா. மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். நான் மாலையை நீட்டினேன். முடிச்சு விழுந்து எவ்வளவோ நேரம் ஆகியும் அவர் அந்த ஒயரையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை விளக்கின் வெளிச்சமும் அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. நிமிர்ந்தால் முகத்தில் விழும்.